மலையகப் பாடசாலைகளில் சிறுவர் இசை நிகழ்ச்சி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலங்கையின் மலையகத்தில் தரம் 1 முதல் 5 வரையான பிள்ளைகளை மேடையேற்றும் ஆசிரியர்களுக்கும், பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தில் இருக்கும் பெற்றோருக்குமான பக்கம் இது. வாணி விழா, ஒளி விழா, சிறுவர் தினம், பரிசளிப்பு விழா என்று பெயர் மாறினாலும் கேட்கப்படும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றுதான். சுருதி, பாட்டு, நேரம், மைக், உடை என எதை முடிவுசெய்தாலும் பிள்ளையின் தொண்டையையும் உடம்பையும் முதலில் பாருங்கள். பிரமுகரின் வசதி அதற்குப் பிறகுதான். கீழேயுள்ள பதில்கள் எல்லாம் இந்த நிலைப்பாட்டிலிருந்து வந்தவை.

எந்த மாதத்தில் வைப்பது நல்லது?

பாடசாலை மலையின் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. ஹட்டன், வட்டவளை, மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. அங்கே ஜனவரி முதல் மார்ச் நடுப்பகுதி வரைதான் நம்பிக்கையாகத் திட்டம் போடலாம். பதுளை, பண்டாரவளை, அப்புத்தளை, வெலிமடைப் பக்கம் கதை மாறும். அங்கே டிசம்பர் முதல் பெப்ரவரி வரை மழை. ஜூன் முதல் செப்டெம்பர் வரை வறண்டிருக்கும், ஆனால் காற்று பலம். திறந்த வெளியில் பந்தல் போட்டால் கயிறுகளை இரட்டிப்பாகக் கட்ட வேண்டும்.

ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் இரண்டு பக்கமும் பின்னேரத்தில் இடி மழை வரும். சிறுவர் தினம் ஒக்டோபர் 1, ஆசிரியர் தினம் ஒக்டோபர் 6, வாணி விழாவும் பெரும்பாலும் அதை ஒட்டியே. ஆகவே இந்த விழாக்களைக் காலை 9 மணிக்குத் தொடங்கி 11 மணிக்குள் முடித்துவிடுங்கள். தகரக் கூரையில் பெருமழை கொட்டினால் 30 பிள்ளைகள் சேர்ந்து பாடினாலும் மூன்றாவது வரிசைக்குக் கேட்காது. சத்தத்தைக் கூட்டினால் மைக் கூவும், பிள்ளைகள் கத்துவார்கள், அடுத்த நாள் வகுப்பில் பாதிப் பேருக்குத் தொண்டை அடைத்திருக்கும்.

எந்தக் கிழமை?

ஞாயிறு காலை. தேயிலைத் தோட்டத்தில் கொழுந்தை எடைபோட்டு முடிய மாலை நான்கு, நாலரை ஆகிவிடும். வேலை நாளில் விழா வைத்தால் அம்மா வருவதற்கு அன்றைய பேரை, அதாவது நாட்சம்பளத்தை, இழக்க வேண்டும். பிள்ளை மேடையில் நின்று தேடுவது அந்த முகத்தைத்தான். ஞாயிறு முடியாதென்றால் போயா (பௌர்ணமி) விடுமுறையைப் பாருங்கள், வெசாக் தவிர. மாலை நிகழ்ச்சியை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. ஐந்து மணிக்கு மேல் பனிமூட்டம் இறங்கும், கடைசி பஸ் போய்விடும், மேல் கணக்குக்கு (தோட்டத்தின் மேற்பிரிவுக்கு) நடந்து போகிற சின்னப் பிள்ளைகள் இருட்டில் மாட்டிக்கொள்வார்கள்.

மொத்தம் எவ்வளவு நேரம் வைக்கலாம்?

90 நிமிடம். ஒரு நிகழ்ச்சி 3 முதல் 4 நிமிடம் என்றால் 14 நிகழ்ச்சிக்கு ஏறத்தாழ 56 நிமிடம். ஒவ்வொன்றுக்கும் ஏறி இறங்க ஒன்றரை நிமிடம், அது 21. மிஞ்சுவது 13 நிமிடம். வரவேற்புரை, அதிபர் உரை, பிரதம விருந்தினர் உரை, நன்றியுரை எல்லாம் இதற்குள் அடங்க வேண்டும். அழைப்பிதழ் கொடுக்கும்போதே “ஐந்து நிமிடம் பேசுங்கள்” என்று மரியாதையாகச் சொல்லிவிடுங்கள். மேடையில் வைத்துச் சொல்ல முடியாது.

விருந்தினர் பிந்தினால் காத்திருக்க வேண்டாம். விளக்கேற்றலைப் பின்னுக்குத் தள்ளி, தரம் 1, 2 பிள்ளைகளின் பாட்டைக் குறித்த நேரத்தில் தொடங்குங்கள். மெல்லிய உடையில் ஒரு மணி நேரம் குளிரில் நின்ற ஆறு வயதுப் பிள்ளையிடமிருந்து பாட்டு வராது.

பாட்டை எப்படித் தெரிவு செய்வது?

மூன்றைப் பாருங்கள். முதலாவது வீச்சு: தரம் 1, 2 பிள்ளைகளுக்கு ஐந்தாறு சுரத்துக்குள் நிற்கும் மெட்டு போதும். தரம் 4, 5 என்றால் ஒரு ஸ்தாயியும் (ஸ முதல் மேல் ஸ வரை) அதற்கு மேல் இரண்டு சுரமும் தாங்குவார்கள். இரண்டாவது மூச்சு: ஒரு வரியைச் சாதாரண வேகத்தில் பாட 5 விநாடிக்கு மேல் எடுத்தால் சின்னவர்கள் சொல்லின் நடுவில் மூச்செடுப்பார்கள், பொருள் கெடும். மூன்றாவது நீளம்: பல்லவியும் இரண்டு சரணமும் போதும். மூன்றாவது சரணத்தில்தான் சொற்கள் மாறிக்கொள்ளும்.

சினிமாப் பாட்டு கூடவே கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் அவை பெரியவர்களின் குரலுக்கு அமைத்தவை. இடையிசை நீளமாக இருப்பதால் பிள்ளைகள் சும்மா நிற்க வேண்டியிருக்கும், எங்கே மறுபடி தொடங்குவது என்பதும் பிடிபடாது.

கைக்கெட்டும் தூரத்தில் நம்முடைய பாட்டுகளே இருக்கின்றன. கும்மி, கோலாட்டம், தாலாட்டு, விளையாட்டுப் பாட்டு எல்லாம் குறுகிய வீச்சு, திரும்பத் திரும்ப வரும் மெட்டு, கைத்தட்டிப் பிடிக்கக்கூடிய தாளம். மலைநாட்டு மக்களின் பாடல்களைத் தேடித் தொகுத்தவர் சி.வி. வேலுப்பிள்ளை. அவர் எழுத்தில் பதிந்துவைத்ததை மெட்டோடு அறிந்த பாட்டிமார் இன்னும் சில லயங்களில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) இருக்கிறார்கள். பிள்ளைகளை அனுப்பித் தங்கள் வீட்டுப் பாட்டியிடம் ஒரு தாலாட்டைக் கேட்டு வரச் சொல்லுங்கள், பாட்டியின் சம்மதத்தோடு தொலைபேசியில் பதிவு செய்துகொள்ளுங்கள். துரையின், கங்காணியின் கொடுமையையும் கடலோடு போன உறவையும் அழுது பாடும் பாட்டுகளும் அவற்றில் உண்டு. அவை அருமையானவை; ஆனால் பொருளை விளக்கிச் சொல்ல அவகாசம் இருந்தால் மட்டும் தரம் 5 பிள்ளைகளுக்குக் கொடுங்கள். பொருள் தெரியாமல் சிரித்த முகத்தோடு அவற்றைப் பாடவைப்பது சரியில்லை.

எந்தக் கட்டையில் பாடவைப்பது?

கட்டை என்பது பாட்டின் சுருதி, அதாவது ஸ ஒலிக்கும் உயரம். மற்ற எல்லாவற்றையும்விட அதிகமாகப் பிழை நேரும் இடம் இதுதான். பெரும்பாலும் ஆசிரியர் தன் குரலுக்கு வசதியான கட்டையில் கற்றுக்கொடுத்துவிடுகிறார். ஆசிரியை 5 கட்டையில் பாடினால் பிள்ளைகளுக்குக் கீழ் ஸ முனகலாகத்தான் வரும். ஆசிரியர் 1 கட்டையில் ஆண் குரலில் பாடினால் சிலர் அவரோடு கீழே இறங்கப் பார்ப்பார்கள், சிலர் ஒரு ஸ்தாயி மேலே போவார்கள், நடுவில் ஒரு கூட்டம் எங்கும் சேராமல் நிற்கும்.

ஆறு முதல் ஒன்பது வயதுக்குத் தொடக்கமாக இப்படி வையுங்கள்:

- மெட்டு ஸ முதல் மேல் க வரை போனால் 6 கட்டை, நடு ஸி-க்குக் கீழேயுள்ள ஏ. நன்றாகப் பாடுகிறவர்கள் என்றால் ஆறரை.
- மேல் ஸ-வைத் தாண்டாமல் நடு ஸ்தாயிக்குள் சுற்றினால் 1 கட்டை, கீபோர்டின் நடு ஸி.
- கீழ் ப வரை இறங்கி மேலே ப-வோடு நின்றால் 2 கட்டை, நடு ஸி-க்கு அடுத்த டி.

பிறகு சோதியுங்கள். வகுப்பிலேயே நன்றாகப் பாடும் பிள்ளையை வைத்து அல்ல, நடுத்தரமாகப் பாடும் ஐந்து பேரை வைத்து. ஆகக் கீழான வரியில் சொல் தெளிவாகக் கேட்கிறதா? ஆகமேல் வரியில் கழுத்து நரம்பு புடைக்கிறதா, தோள் ஏறுகிறதா, நாடி (தாடை) நிமிர்கிறதா? புடைத்தால் அரைக் கட்டை இறக்குங்கள். காலைப் பனியில் வந்தவுடன் சோதிக்காதீர்கள். பத்து நிமிடம் “ம்” என்று வாய்மூடி முனகவிட்டு, மெதுவாக ஸ முதல் ப வரை ஏறி இறங்கிய பிறகே உண்மையான குரல் வெளிவரும்.

முடிவுசெய்த கட்டையைப் பாட்டுத்தாளின் தலையில் எழுதுங்கள். விழா நாளில் வேறு யாராவது சுருதிப் பெட்டியைப் போட்டால் அந்தக் குறிப்புத்தான் காப்பாற்றும்.

எங்கள் பாடசாலையில் சங்கீத ஆசிரியர் இல்லை. என்ன செய்யலாம்?

பல தோட்டப் பாடசாலைகளின் நிலை இதுதான். சுருதி பிசகாமல் பாடக்கூடிய ஓர் ஆசிரியரோ, உயர்தரம் படிக்கும் பழைய மாணவியோ, கோயில் பஜனைக் குழுவில் இருப்பவரோ கிடைத்தால் போதும். அவரைப் பிள்ளைகளின் கட்டையில் பாடவைத்துத் தொலைபேசியில் இரண்டு பதிவு எடுங்கள். ஒன்று முழுப் பாட்டு. மற்றது ஒரு வரி பாடி, அதே நீளத்துக்கு இடைவெளி விட்டு, அடுத்த வரி. அந்த இடைவெளியில் பிள்ளைகள் திருப்பிப் பாடுவார்கள். எந்த வகுப்பாசிரியரும் இதை வைத்துப் பயிற்றலாம். சங்கீத ஆசிரியர் உள்ள பக்கத்துப் பாடசாலைக்கு இரண்டு முறை அழைத்துப்போய்க் காட்ட முடிந்தால் பிழைகள் பெரும்பாலும் திருந்திவிடும். வலயக் கல்வி அலுவலகத்தில் அழகியல் பாடத்துக்குப் பொறுப்பானவரிடம் கேட்டால் யார் அருகில் இருக்கிறார் என்று சொல்வார்கள்.

பயிற்சிக்கு எவ்வளவு காலம் வேண்டும்?

எட்டு வாரம், வாரத்துக்கு மூன்று நாள், ஒவ்வொரு தடவையும் 20 நிமிடம். கடைசி இரண்டு வாரம் பாடங்களை நிறுத்திவிட்டு நாள் முழுக்கப் பயிற்சி கொடுப்பதால் குரல்தான் கெடும்.

முதல் வாரம் சொற்களை மட்டும் தாளத்தோடு சொல்லவையுங்கள், மெட்டு வேண்டாம். ள, ல, ழ இங்கேயே திருந்த வேண்டும். மெட்டு ஏறிய பிறகு திருந்தாது. இரண்டு முதல் நான்காம் வாரம் வரை வரிவரியாக மெட்டு. ஐந்தில் வாத்தியம் சேரட்டும். ஆறில் மேடைக்கு ஏறுவது, நிற்பது, வணங்குவது, இறங்குவது. இதற்கு ஒரு முழு வாரமா என்று கேட்பார்கள். ஆம், நிகழ்ச்சி குழம்புவது பாட்டில் அல்ல, படியில்தான். ஏழில் மைக்கோடு. எட்டாம் வாரம் ஒரு நாளைக்கு ஒரு தடவை மட்டும். முழு ஒத்திகையை விழாவுக்கு இரண்டு நாள் முன்னதாக முடித்துவிடுங்கள்.

சிறுவர்கள் கூட்டமாகப் பாடும்போது வேகம் கூடிக்கொண்டே போகும். ஒவ்வொரு வரி முடிவிலும் இருக்கும் நிறுத்தத்தை அவர்கள் விழுங்கிவிடுவதே காரணம். அந்த இடத்தில் ஒரு கைத்தட்டோ கால் அசைவோ வைத்தால் வேகம் கூடுவது நின்றுவிடும்.

பாடசாலை இல்லங்களுக்கு இடையிலான விளையாட்டுப் போட்டிக்கும் இசை நிகழ்ச்சிக்கும் இடையில் பத்து நாளாவது விடுங்கள். மைதானத்தில் கத்திய குரல் அதற்கு முன் தெளியாது.

ஒரு பிள்ளைக்குச் சுருதியே சேரவில்லை. வாயை மட்டும் அசைக்கச் சொல்லலாமா?

சொல்லக் கூடாது. “நீ சத்தம் போடாதே” என்று ஏழு வயதில் கேட்ட பிள்ளை பிறகு வாழ்நாளில் பாடாமலே போய்விடலாம். ஒரே சுரத்தில் இழுக்கும் பிள்ளைக்குப் பெரும்பாலும் காது பிழையில்லை. தன் குரலை மேலே தூக்கத் தெரியவில்லை, அவ்வளவுதான். முதலில் நீங்கள் அவரிடம் போங்கள்: பிள்ளை இயல்பாக எந்தச் சுரத்தில் நிற்கிறாரோ அதே சுரத்தை நீங்கள் பாடி, இரண்டு குரலும் ஒன்றாவதை உணரவையுங்கள். பிறகு அங்கிருந்து ஒவ்வொரு சுரமாக மேலே. சைரன் சத்தம், குயில் கூவல் போன்றவற்றைச் செய்யவைத்தால் குரல் தானாக ஏறும். தினமும் மூன்று நிமிடம் போதும். மேடையில் திடமாகப் பாடும் பிள்ளைக்கு முன்னால் நிறுத்துங்கள். சரியான சுரம் பின்னாலிருந்து காதில் விழுந்துகொண்டே இருக்கும்.

குளிரிலும் ஈரத்திலும் வாத்தியங்கள் ஏன் சுருதி மாறுகின்றன?

ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக. புல்லாங்குழலுக்குக் காற்றின் வெப்பம் முக்கியம். 25 பாகையில் சரியாக இருந்த குழல் 15 பாகையில் ஏறத்தாழ 30 சென்ட், அதாவது அரைச் சுரத்தில் மூன்றில் ஒரு பங்கு, இறங்கி ஒலிக்கும். கீபோர்ட் மாறாது. இரண்டும் சேர்ந்தால் காது கூசும். மேடைக்கு முன் ஐந்து நிமிடம் குழலைச் சுவெட்டருக்குள் வைத்து, மெதுவாக ஊதிச் சூடாக்கட்டும். அப்படியும் சேராவிட்டால் கீபோர்டில் உள்ள நுண்சுருதி மாற்றத்தால் அதைச் சற்று இறக்குங்கள்.

மிருதங்கத்தின் தோல் ஈரத்தை உறிஞ்சித் தளரும். கல்லும் மரக்கட்டையும் வைத்து விளிம்பைத் தட்டி ஏற்ற வேண்டும். அடுப்புச் சூட்டில் காட்டாதீர்கள், கரணை (நடுவிலுள்ள கறுப்புப் பூச்சு) வெடிக்கும். இன்னொன்று: பெரியவர் குரலுக்கு, 1 கட்டைக்குக் கட்டிய மிருதங்கம் பிள்ளைகளின் 6 கட்டைக்குச் சேராது. வாசிப்பவரிடம் கட்டையை ஒரு வாரம் முன்னதாகவே சொல்லுங்கள்.

வயலினின் பிருடைகள் (தந்தியை முறுக்கும் ஆணிகள்) ஈரத்தில் இறுகும், மேடை விளக்கின் சூட்டில் வழுக்கும். வழுக்கினால் கொஞ்சம் சோக் தூள் தடவலாம். ஆர்மோனியக் கட்டைகள் ஊதிச் சிக்கினால் முதல் நாளிலிருந்தே பெட்டியைத் திறந்து உலர்ந்த அறையில் வையுங்கள், வெயிலில் வேண்டாம்.

தப்பு என்ற தோல் வாத்தியத்தை மேடையேற்றலாமா?

கட்டாயம் ஏற்றுங்கள். காமன் கூத்தும் அர்ச்சுனன் தபசும் பொன்னர் சங்கரும் என்ற கூத்துகள் தப்பின் அடியில்தான் இத்தனை தலைமுறை நின்றிருக்கின்றன. சாவு வீட்டு வாத்தியம் என்று முகம் சுளிப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அதற்காகப் பாடசாலை பின்வாங்கக் கூடாது. தோட்டத்தில் தப்படிக்கும் கலைஞரையே பயிற்றுநராக அழையுங்கள், அவர் நேரத்துக்குப் பணம் கொடுங்கள், மற்ற ஆசிரியர்களை அழைப்பது போல் அவரையும் பெயர் சொல்லி மேடைக்கு அழையுங்கள். மாசியில் கூத்துக் காலம் என்பதால் அப்போது அவருக்கு நேரம் இருக்காது.

நடைமுறை: வைக்கோல் அல்லது காகித நெருப்பில் மூன்று முதல் ஐந்து நிமிடம், தப்பைச் சுழற்றிச் சுழற்றிக் காய்ச்ச வேண்டும். தட்டினால் மந்தமான ஒலி போய்க் கணீரென்று வரும்போது போதும். பனிமூட்டத்தில் பதினைந்து இருபது நிமிடத்தில் மறுபடி தளர்ந்துவிடும், ஆகவே தப்பு நிகழ்ச்சியின் நேரம் தெரிந்த பிறகே காய்ச்சுங்கள். நெருப்பு கட்டடத்திலிருந்தும் திரைச்சீலையிலிருந்தும் பத்து மீற்றர் தள்ளி, ஒரு வாளித் தண்ணீரோடு, பெரியவர் பொறுப்பில். 30 பிள்ளைகளின் பாட்டுக்கு இரண்டு தப்புக்கு மேல் வேண்டாம். பக்கவாட்டில் பின்னுக்கு நிறுத்துங்கள், மைக் தேவையில்லை.

கரோக்கே இசையைப் போடலாமா?

பிள்ளைகளின் கட்டைக்கு மாற்றிய பிறகு போடலாம். தொலைபேசியை ப்ளைட் மோடில் வையுங்கள், நடுவில் அழைப்பு வரும். புளூடூத் வேண்டாம், ஒலி சற்றுப் பிந்தி வரும், சில வேளை அறுந்தும் போகும், கம்பியால் இணையுங்கள்.

பிள்ளைகளை எப்படி நிறுத்துவது?

30 பேர் என்றால் பத்துப் பத்தாக மூன்று வரிசை. ஒரு பிள்ளைக்கு 45 சென்ரிமீற்றர், அதாவது நாலரை மீற்றர் அகலம். முன் வரிசை தரையில், நடு வரிசை தாழ்ந்த வாங்கில், பின் வரிசை உயர்ந்த வாங்கில். வாங்குகளின் கால்களை ஒன்றோடொன்று கயிற்றால் கட்டி, பின்னால் சுவரோடு ஒட்டி வையுங்கள். பிள்ளை பின்பக்கம் விழாது. திடமான குரல்கள் நடு வரிசையின் மத்தியில். எல்லோருக்கும் தெரியும் இடத்தில், சபைக்கு முன்னால் தரையில் ஆசிரியர் உட்கார்ந்து வாயசைக்க வேண்டும்.

மைக்கை எங்கே வைப்பது? ஏன் கூவுகிறது?

கூட்டுப் பாட்டுக்கு இரண்டு மைக் போதும். முன் வரிசையிலிருந்து 75 சென்ரிமீற்றர் தள்ளி, முன் வரிசைத் தலைகளுக்குச் சற்று மேலே, பின் வரிசை வாய்களை நோக்கிச் சரித்து. இரண்டுக்கும் இடையே அந்தத் தூரத்தின் மூன்று மடங்கு, இரண்டேகால் மீற்றராவது இருக்க வேண்டும். நெருங்கினால் ஒரே குரல் இரண்டிலும் ஏறி மங்கிப்போகும். பிள்ளை கையில் மைக்கைக் கொடுத்து வரிசையாகக் கைமாற்றுவதுதான் ஆக மோசம். பிடித்திருக்கும் ஒரு பிள்ளையின் குரல் மட்டும் கேட்கும்.

ஸ்பீக்கரின் ஒலி மைக்குக்குள் திரும்பிப் போவதால்தான் கூவுகிறது. ஸ்பீக்கர்கள் மைக்குக்கு முன்னால், சபையைப் பார்த்து இருக்க வேண்டும். கூவினால் சத்தத்தைக் குறையுங்கள். மைக்கின் தலையைக் கையால் பொத்தினால் இன்னும் கூவும். எக்கோவை முழுதாக நிறுத்தச் சொல்லுங்கள். தகரக் கூரையும் சீமெந்துச் சுவரும் போதிய எதிரொலியைத் தருகின்றன, அதன்மேல் எக்கோ போட்டால் ஒரு சொல்லும் விளங்காது. வெறும் மண்டபத்தில் ஒத்திகை பார்க்கும்போது எதிரொலி அதிகமாகத்தான் இருக்கும். ஆட்கள் நிறைந்ததும் குறையும்.

அறிவிப்புச் செய்யும் சின்னப் பிள்ளைக்கு மைக் வாயிலிருந்து நான்கு விரல் தூரம். ஸ்டாண்டை அவர் உயரத்துக்கு இறக்க ஓர் ஆள் பக்கத்திலேயே நிற்கட்டும். வெளியில் ஒலிபெருக்கி கட்டினால் பொலிஸ் நிலையத்தில் முன்கூட்டியே அனுமதி எடுக்க வேண்டும்.

மின்சாரம் போனால்? இடி இடித்தால்?

மின்சாரம் போனாலும் பாட்டு நிற்க வேண்டியதில்லை. ஒத்திகையில் ஒரு தடவை வாத்தியமும் மைக்கும் இல்லாமல் பாடிப் பழக்கியிருந்தால் பிள்ளைகள் தொடர்ந்து பாடுவார்கள். ஜெனரேற்றர் இருந்தால் கட்டடத்துக்கு வெளியே, காற்று உள்ளே அடிக்காத திசையில் வையுங்கள். மண்டபத்துக்குள்ளோ வராந்தாவிலோ வைக்கவே கூடாது, அந்தப் புகை உயிரை எடுக்கும்.

மின்னலுக்கும் இடிக்கும் இடையில் 30 விநாடிக்குக் குறைவாக இருந்தால் நிகழ்ச்சியை நிறுத்தி, மைக், கீபோர்ட் இணைப்புகளைக் கழற்றி, பந்தலில் இருப்பவர்களைக் கட்டடத்துக்குள் எடுங்கள். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழித்தே மறுபடி தொடங்கலாம்.

உடை?

வாடகை உடை வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. வெள்ளைச் சீருடையும் ஒரே நிறத் துண்டும் அழகாகவே இருக்கும். எந்த வீட்டிலும் கடன் வாங்க வேண்டியதில்லை. மேடையேறும் வரை சுவெட்டர் உடம்பிலேயே இருக்கட்டும். ஒவ்வொரு வரிசைக்கும் பெயர் எழுதிய ஒரு பை வைத்து, ஏறும்போது கழற்றி வாங்கி, இறங்கியதும் கொடுங்கள். கழுத்தை இறுக்கும் மாலையும் காலரும் குரலைப் பிடிக்கும். ஈரப் புல்லில் வெறுங்காலோடு ஆடவிட்டால் அட்டை ஏறும், பாய் விரியுங்கள்.

சாப்பாடும் தண்ணீரும்?

பாடுவதற்கு ஒரு மணி நேரம் முன்பு பணிஸ் அல்லது ரொட்டி, இளஞ்சூடான தண்ணீர் அல்லது இனிப்புக் குறைந்த இஞ்சிப் பிளேன்டீ. ஐஸ்கிறீமும் சோடாவும் பாட்டு முடிந்த பிறகு. வெறும் வயிற்றில் நிறுத்தினால் மயங்கி விழுவார்கள். குளிரில் சிறுநீர் அடிக்கடி முட்டும். மேடைக்கு 15 நிமிடம் முன்பு எல்லோரையும் கழிவறைக்கு அனுப்புங்கள், தண்ணீர் வருகிறதா என்று காலையிலேயே பாருங்கள்.

தேசிய கீதத்தில் ஏன் திணறுகிறார்கள்?

ஆரம்பச் சுரம் கொடுக்காமல் உயரமாகத் தொடங்குவதால். மேல் வரிகள் வரும்போது எட்டாது. கீபோர்டில் ஆரம்பச் சுரத்தை ஒரு தடவை ஒலித்து, முனகவிட்டு, பிறகு தொடங்குங்கள். பண்டிதர் மு. நல்லதம்பியின் தமிழ் வரிகளைப் பிழையறப் பாட, அதையும் மற்றப் பாட்டுகளைப் போலவே பயிற்சி நேரத்தில் பயிற்ற வேண்டும்.

மேடையில் பிள்ளை அழுதால், பாட்டை மறந்தால்?

அழுகிற பிள்ளையைப் பழக்கமான ஆசிரியர் அமைதியாக வந்து தூக்கிக்கொண்டு போகட்டும். பிறகு விருப்பம் வந்தால் அடுத்த குழுவோடு நிற்கலாம். மறந்தால் கூட்டமே பாட்டைக் கொண்டுபோகும். தனிப்பாட்டு என்றால் பக்கத்தில் மறைவாக நிற்பவர் அடுத்த வரியின் முதல் சொல்லை மட்டும் எடுத்துக்கொடுக்க வேண்டும். முழு வரியையும் சொன்னால் பிள்ளை கேட்டுக்கொண்டு நின்றுவிடும்.

முதல் நாள் தொண்டை கட்டிவிட்டது?

பேசாமல் இருக்கட்டும். குசுகுசுப்பதும் ஓய்வு இல்லை, அதுவும் குரலை வருத்தும். வெந்நீர் அடிக்கடி. காய்ச்சலோ இழுப்போ இருந்தால் வீட்டில் விட வேண்டும். அதற்காகத்தான் ஒவ்வொரு தனிப்பாட்டுக்கும் இரண்டு பிள்ளைகளைப் பயிற்றச் சொல்கிறோம். இருவரும் நலமாக இருந்தால் ஆளுக்கொரு சரணம் பாடட்டும்.

படம் எடுத்து முகநூலில் போடலாமா?

பெற்றோரின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் வேண்டாம். போட்டாலும் பிள்ளையின் பெயரையும் தோட்டத்தையும் எழுதாதீர்கள். படம் எடுக்க ஒருவரை மட்டும் நியமித்து, அவர் எடுத்ததை எல்லாப் பெற்றோருக்கும் கொடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் தொலைபேசிகளோடு முன்னால் வந்து நிற்கும் பெரியவர்களே பிள்ளைகளுக்கும் ஆசிரியரின் வாயசைவுக்கும் நடுவில் மறைப்பார்கள்.